அறியாப் பிழையும் அளந்த ஈடும்

அறியாமல் செய்த பிழைக்கு மனிதன் எந்த அளவுக்குப் பொறுப்பாளி என்னும் கேள்வி பழமையானது. நீதிமன்றங்களும் பாவசங்கீர்த்தனத் தொட்டிகளும் அதனைப் பலநூறு ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. அறநூலார் அதனை ஆராயும்போது கொலை, நஞ்சு, மாற்றிக் கொடுக்கப்பட்ட மருந்து என்று பெரிய எடுத்துக்காட்டுகளையே நாடுவர். பெரிய எடுத்துக்காட்டில் அச்சமும் இரக்கமும் எழுந்து கண்ணை மறைத்துவிடுவது உண்டு. ஆகவே மிகச் சிறிய ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஒரு வீட்டு வாசலில், ஒரு காரின் கியர்பெட்டியிலிருந்து சில லிட்டர் திரவம் தவறுதலாக வடிந்துவிடுகிறது. உயிர்ச்சேதம் இல்லை, பகையோ பேராசையோ இல்லை. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்நாட்டில் பழுதுபார்ப்போருக்குக் கூலி மிகுதி. எனவே காரின் எஞ்சின் எண்ணெயைத் தாமே மாற்றிக்கொள்ளும் வழக்கம் நடுத்தரக் குடும்பங்களில் நெடுங்காலமாக உண்டு. காரின் முன்பக்கத்தை ஏற்றி நிறுத்தி, அடியிலுள்ள திருகைக் கழற்றிப் பழைய எண்ணெயை ஒரு தட்டில் வடித்து, வடிகட்டியை மாற்றி, நான்கைந்து லிட்டர் புதிய எண்ணெயை மேலிருந்து ஊற்றினால் வேலை முடிந்தது. இதில் நன்கு பழகிய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அடுத்த வீட்டில் தனியே வாழும் மூதாட்டியின் காருக்கும் இவ்வுதவியைச் செய்து தர அவர் முன்வருகிறார். கூலி ஏதும் இல்லை. மூதாட்டி சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். கார் வேறு நிறுவனத்துடையது. அதன் அடிப்பகுதியை அவர் இதற்கு முன் கண்டதில்லை.

எல்லாக் கார்களின் அடிப்பகுதியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சான்றாக, ஜப்பானிய சுபாரு கார்களில் பலவற்றில் எஞ்சினின் வடிகால் திருகுக்குச் சற்றுப் பின்னே கியர்பெட்டிக்கும் முன்சக்கர டிஃபரென்ஷியலுக்கும் தனித்தனித் திருகுகள் உண்டு. படுத்த நிலையில், அரைவெளிச்சத்தில், முதலில் கைக்கு அகப்பட்ட திருகைக் கழற்றுவது எளிது. நம் மனிதரும் அதையே செய்கிறார். திரவம் கொட்டுகிறது. வழக்கமான அளவு வந்ததும் திருகை முடுக்கி, எஞ்சினின் வடிகட்டியை மாற்றி, எஞ்சினில் நான்கு லிட்டருக்கு மேல் புதிய எண்ணெய் ஊற்றுகிறார். இப்போது எஞ்சினில் பழையதும் புதியதுமாக ஏறத்தாழ இருமடங்கு எண்ணெய். கியர்பெட்டியிலோ பாதியளவு வெறுமை. ஒரே கைப்பிழையால் இரண்டு கேடுகள். இந்தப் பிழை அங்கே அரிதன்று. நெடுநாள் அனுபவம் உள்ளவர்களுக்கும் நேர்வதுண்டு. பழகிய கைதான் பாராமலே செய்யத் துணிகிறது.

வடிந்து போனது என்ன என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். காலால் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் மாற்றும் வேலையைத் தானே செய்துகொள்ளும் கியர்பெட்டியை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘ஹைட்ரமாட்டிக்’ என்னும் பெயரில் தன் 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் பொருத்தி விற்றது. இன்று அமெரிக்கச் சாலைகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வகைக் கார்களே. இப்பெட்டியினுள் ஓடும் திரவத்தை வெறும் மசகு எண்ணெய் என்று எண்ணிவிடக் கூடாது. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துவது அதுதான். அழுத்தத்தால் கிளட்ச் தகடுகளை இறுகப் பற்றச் செய்வதும் வெப்பத்தை அகற்றுவதும் அதுவே. தகடுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது பற்ற வேண்டும் என்னும் நுட்பமும் அதன் கலவையிலேயே அடங்கியிருக்கிறது. இந்த நுட்பத்துக்காக ஒருகாலத்தில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970இல் அமெரிக்க அரசு அவ்வுயிரினத்தை அழியும் நிலையிலுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்த பிறகு, மாற்றுப் பொருள் தேட வேண்டியதாயிற்று. மனிதனின் காலுக்குச் சிறிது ஓய்வு தருவதற்காகக் கடலின் பேருயிர் ஒன்று விலை கொடுத்து வந்தது என்பது தனியே எழுதத் தக்க கதை.

திரவம் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சுகிறது, அழுத்தம் விழுகிறது, தகடுகள் பற்றாமல் வழுக்கி, உராய்ந்து, கருகுகின்றன. எஞ்சினில் எண்ணெய் மிகுந்தாலோ, சுழலும் தண்டு அதனைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த எண்ணெயால் உரிய அழுத்தத்தைத் தாங்க இயலாது. மிகுதியும் குறைவும் வெவ்வேறு வழியில் சென்று ஒரே கேட்டை அடைகின்றன.

நம் கேள்விக்கு வருவோம். இம்மனிதர் குற்றவாளியா?

அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் மூன்றாம் பகுதியில், அறியாமையால் செய்ததையும் அறியாமையில் இருந்துகொண்டு செய்ததையும் பிரித்துக் காட்டுகிறார். குடிவெறியில் இருப்பவன் செய்வது இரண்டாம் வகை. புனித தாமஸ் அக்குவினாஸ் இதனை மேலும் நுணுக்கி, அறியாமை செயலுக்கு முன்னே நிற்கிறதா, உடன் நிற்கிறதா, அன்றி நம் விருப்பத்தின் விளைவாகவே வந்ததா என்று கேட்கிறார். வேண்டிய கவனமெல்லாம் எடுத்துக்கொண்டபின் அம்பெய்த ஒருவன், வழியே வந்தவரைத் தெரியாமல் கொன்றுவிட்டால், அவ்வறியாமை முன்னே நிற்பது. அச்செயல் அவன் விருப்பத்தில் விளைந்ததாகாது. அறிந்துகொள்ளக் கூடியதை, அறிய வேண்டியதை, அறிய முயலாமல் விட்டவனின் அறியாமையோ அவன் விருப்பத்திலிருந்தே பிறந்தது.

இந்த வேறுபாட்டை நூலில் படிக்கும்போது தெளிவாக இருக்கிறது. காரின் அடியில் படுத்திருப்பவருக்கு அது படிப்படியாகவே வருகிறது. எஞ்சின் எண்ணெய் பயன்பாட்டில் கருத்துப்போகும். கியர்பெட்டித் திரவத்துக்கோ தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். சாயத்தால் இயந்திரத்துக்குப் பயன் ஏதும் இல்லை. எது எங்கிருந்து ஒழுகுகிறது என்று மனிதன் கண்டுகொள்வதற்காகவே அந்த நிறம். பிழை செய்யப்போகிறவனை முன்கூட்டியே நினைத்து, முகம் அறியாத யாரோ ஒருவர் இட்டு வைத்த அடையாளம் அது. தட்டில் விழும் முதல் துளி சிவந்திருந்தால், அதுவரை இருந்த அறியாமை அத்துளியோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் திரவம் பழையதானால் அதுவும் பழுப்பேறிவிடும். அப்போது கண் ஏமாறக்கூடும். சரி, அடுத்த அடையாளம் உண்டு. புதிய எண்ணெயை ஊற்றுமுன் எஞ்சினின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்திருந்தால், காலியாக இருக்க வேண்டிய எஞ்சின் நிறைந்திருப்பது தெரிந்திருக்கும். பார்க்கவில்லையா? ஊற்றியபின் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அப்போது எண்ணெய் மேற்குறியைக் கடந்து வெகுதூரம் ஏறி நிற்கும். இங்கேதான் மனித மனத்தின் ஒரு விந்தையைக் காண்கிறோம். கம்பி பொய் சொல்கிறது என்று எண்ணத் தோன்றும். தரை சாய்வாக இருக்கலாம், எண்ணெய் இன்னும் கீழே இறங்காமல் இருக்கலாம், நாளை பார்த்துக்கொள்ளலாம். கைகளைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட மனம் விரும்புகிறது. அறியாமை நம்மை விட்டுப் போக ஆயத்தமாக நிற்கும்போது, அதன் கையைப் பிடித்து இன்னும் சற்று இரு என்று வேண்டிக்கொள்கிறோம். முதல் திருகைக் கழற்றியபோது இருந்த அறியாமையும் இதுவும் பெயரால் ஒன்று, தன்மையால் வேறு.

கூலி வாங்காமல் செய்த உதவியல்லவா, அதற்கும் கணக்கா என்று சிலர் கேட்பர். ஜஸ்டினியன் பேரரசர் 533இல் வெளியிட்ட சட்டப் பாடநூலில் கோவேறு கழுதைகளை ஓட்டும் ஒருவனைப் பற்றிய பகுதி உண்டு. திறமைக் குறைவால் அவற்றை அடக்க இயலாமல் அவை பிறர் அடிமையை மிதித்துவிட்டால், ஓட்டியவன் பொறுப்பாளியே. அவனுக்கு வலிமை போதாமல் நிகழ்ந்தாலும் அவ்வாறே. தன்னால் இயலாது என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும் என்பது உரோமையரின் கருத்து. இது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும், மூதாட்டி தம் வண்டியை ஒப்படைத்தது அண்டை வீட்டாரின் நல்ல உள்ளத்தை நம்பி மட்டும் அன்று. கைத்திறனையும் நம்பியே ஒப்படைத்தார். நல்ல உள்ளம் அங்கே இருந்தது. அறிமுகமற்ற வண்டியின் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கும் பொறுமை இல்லை. உதவி இலவசம் என்பதால் அப்பொறுமையைத் தள்ளுபடி செய்துவிட இயலாது.

எனினும் மற்றொரு பக்கமும் உண்டு. பழைய அறநெறி இறையியல் நூல்கள் அதனைப் பரிவோடு கண்டிருக்கின்றன. சட்டத்தின் முன் குற்றம் வேறு, மனச்சான்றின் முன் குற்றம் வேறு என்று அவை பிரித்தன. தீங்கு விளையும் என்று சிறிதும் உணராமல் ஒருவர் செய்ததற்கு, நீதிமன்றம் தீர்ப்பிடும் முன்பே ஈடு செய்யும் கடமை மனச்சான்றளவில் அவரைக் கட்டாது என்றன. இதனைப் பாதி மட்டும் படித்துவிட்டு ஆறுதல் அடைவோர் உண்டு. அதே ஆசிரியர்கள் அடுத்துச் சொல்வதுதான் முதன்மையானது. கேட்டுக்குரிய காரணத்தை அறியாமல் அமைத்துவிட்ட ஒருவர், பின்பு அதனை அறியவந்து, தடுக்கக் கூடிய நிலையிலும் இருந்தால், தடுத்தே ஆகவேண்டும். அன்பின் பொருட்டு என்று அவர்கள் சொல்லவில்லை. நீதியின் பொருட்டு என்றார்கள். அறிந்த கணத்திலிருந்து மௌனம் ஒரு செயலாகிவிடுகிறது. கார் வாசலில் அசையாமல் நிற்கும்வரை பெருங்கேடு ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. மூதாட்டி மறுநாள் காலையில் கடைக்குப் போகச் சாவியைத் திருப்பும்போதுதான் அது தொடங்கும். அதற்கு இடையே ஓர் இரவு இருக்கிறது. என் எண்ணத்தில், இந்த முழு நிகழ்ச்சியின் அறநெறியும் அந்த ஓர் இரவுக்குள் அடங்கிவிடுகிறது.

தவற்றை உணர்ந்துவிட்டார் என்றே கொள்வோம். எவ்வளவு ஈடு செய்ய வேண்டும்? விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம், ஆட்டைத் திருடி விற்றவன் நான்கு ஆடுகளும் மாட்டைத் திருடி விற்றவன் ஐந்து மாடுகளும் கொடுக்க வேண்டும் என்கிறது. இரவல் வாங்கிய விலங்கு உரிமையாளர் உடன் இல்லாத வேளையில் காயமுற்றாலோ செத்தாலோ, இரவல் வாங்கியவர் ஈடு செய்ய வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது; அங்கே நான்கு மடங்கும் இல்லை, ஐந்து மடங்கும் இல்லை. உரிமையாளர் உடன் இருந்தால் ஈடு வேண்டியதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறது. மூதாட்டி வீட்டினுள் இருந்தார் என்பதை நினைவில் வைப்போம். கள்ளத்தனத்துக்கு ஒரு கணக்கு, பிழைக்கு வேறொரு கணக்கு என்று பிரித்தறிந்த சட்டம் அது.

இந்தக் கணக்கைக் கியர்பெட்டி வியக்கத்தக்க கண்டிப்போடு வற்புறுத்துகிறது. அடித்திருகைக் கழற்றினால் திரவம் முழுவதும் வந்துவிடாது. மொத்தத்தில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் வரும். எஞ்சியது டார்க் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பிலும் குழாய்களிலும் தங்கிவிடும். வண்டியின் கையேட்டிலோ பெரும்பாலும் மொத்தக் கொள்ளளவுதான் பெரிய எழுத்தில் இருக்கும். பதற்றத்தில் அதைப் பார்த்து அவ்வளவையும் ஊற்றிவிட்டால், பெட்டியினுள் சுழலும் பாகங்கள் மிகுதியான திரவத்தைக் கடைந்து நுரையாக்கும். நுரை அழுத்தத்தை இழக்கும். தகடுகள் மீண்டும் வழுக்கும். குற்றவுணர்வு மிகுந்த மனத்துக்கும் இதே இயல்பு உண்டு. இழைத்த தீங்கின் அளவைப் பாராமல் தன் வேதனையின் அளவைப் பார்த்துக் கொட்டுகிறது. மன்னிப்புக் கேட்டு முடிந்தபின் மறுபடியும் கேட்கிறது. வேண்டாத பரிசுகளை வாங்கி வந்து எதிரே இருப்பவரைத் திணறச் செய்கிறது. அவ்வாறு கொட்டுவது எவருக்காக என்று கேட்டுப் பார்த்தால் விடை அவ்வளவு இனிமையாக இராது.

முறையானது இதுதான்: தட்டில் வடிந்ததை முதலில் அளக்க வேண்டும். பதறிப்போய் அதனை அப்புறப்படுத்தியவர், எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று அறியும் வழியையே இழந்துவிடுகிறார். வெட்கம் எப்போதும் தட்டை மறைக்கத்தான் சொல்லும். பிறகு எஞ்சினின் உண்மையான திருகைக் கண்டுபிடித்து, அங்குள்ள எண்ணெய் முழுவதையும் வடித்து, உரிய அளவு புதிதாக ஊற்ற வேண்டும். கியர்பெட்டிக்கு, வடிந்த அளவைவிடச் சற்றுக் குறைவாகவே முதலில் ஊற்றுவர். அளவுக் கம்பி செருகியிருக்கும் குழாயின் வாயில் நீண்ட புனலை வைத்து ஊற்றுவது வழக்கம். சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடியே கியர் நெம்புகோலை ஒவ்வொரு நிலையிலும் சிறிது நேரம் வைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்போது திரவம் உள்ளறைகளுக்கெல்லாம் பாயும். திரவம் சூடேறியபின், பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகிப் பார்ப்பர். ஹோண்டா கார்களில் எஞ்சினை நிறுத்தியபின் பார்ப்பது முறை. குளிர்ந்த நிலைக்கு ஒரு குறி, சூடான நிலைக்கு வேறு குறி. குறைந்தால் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். சேர்ப்பது எளிது, மிகுந்ததை எடுப்பது அரும்பாடு. அண்மைக்காலக் கார்கள் பலவற்றில் கம்பியே கிடையாது. அவற்றுக்குக் கீழிருந்து நிரப்பி, திரவத்தின் வெப்பநிலையை அறிந்து அளவிட வேண்டியிருப்பதால், கருவிகள் உள்ள பணிமனைக்கு இழுவை வண்டியில் அனுப்புவதே அறிவுடைமை.

அளவோடு இனமும் பொருந்த வேண்டும். டெக்ஸ்ரான், மெர்கான் என்று திரவங்கள் பல வகை. ஒன்றுக்கு உரியது மற்றொன்றுக்கு ஒவ்வாது. வீட்டில் இருந்ததை ஊற்றினேன் என்பது இங்கே செல்லாது. நமக்குக் கொடுக்க எளிதானதைக் கொடுத்துவிட்டு ஈடு செய்துவிட்டதாகக் கருதும் பழக்கம் கார்களோடு நின்றுவிடுவதில்லை. கடிந்து பேசிப் புண்படுத்திய மகனுக்குப் பணம் கொடுக்கிற தந்தையர் எத்தனை பேர்!

இனி, மூதாட்டியிடம் சொல்ல வேண்டுமா? எல்லாவற்றையும் அந்த மாலையிலேயே சரிசெய்துவிட்டார். கார் ஓர் அடிகூட ஓடவில்லை. சொல்வதால் வீண் கலக்கம்தானே என்று வாதிடலாம். வலுவான வாதம்தான். ஓடாத காருக்கு இது ஏறத்தாழப் பொருந்தும் என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சில கிலோமீட்டராவது ஓடியிருந்தால், தகடுகள் எவ்வளவு தேய்ந்தன என்பதைப் பெட்டியைப் பிரிக்காமல் முழுதாக அறிவதற்கில்லை. இன்று நன்றாக ஓடும் கார் ஆறு மாதம் கழித்துத் தயங்கலாம், தயங்காமலும் போகலாம். அந்த ஐயத்தோடு வாழப்போவது யார்? அறிந்தவர் ஒருவர், ஐயத்தைச் சுமப்பவர் வேறொருவர் என்று ஆகிவிடுகிறது. கியர்பெட்டியை மாற்றுவதற்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். காரணம் தெரியாத மூதாட்டி, வண்டிக்கு வயதாகிவிட்டது என்று தம்மையே தேற்றிக்கொண்டு, அத்தொகையைத் தம் ஓய்வூதியத்திலிருந்து கொடுப்பார். ஒருவேளை அவர் எல்லாவற்றையும் மன்னித்துவிடக் கூடியவர். இரவல் விலங்கின் உரிமையாளரைப் போல, நானும் அருகில்தானே இருந்தேன் என்று சொல்லிவிடக் கூடியவர். ஆனால் தம்மிடம் சொல்லப்படாததை எவராலும் மன்னிக்க முடியாது. அவருக்காக நாமே மனத்தினுள் மன்னித்துக்கொள்வது அவருடைய உரிமை ஒன்றைப் பறித்துக்கொள்வதாகும்.

பெட்டி உண்மையாகவே கெட்டுவிட்டால் தொகை முழுவதையும் அவர் தரவேண்டுமா என்பது கடினமான கேள்வி. பதினைந்து ஆண்டு ஓடிய காரின் விலையைவிடப் புதிய கியர்பெட்டியின் விலை மிகுதியாக இருக்கக்கூடும். மூதாட்டி இழந்தது ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய கார். அதற்கு நிகரானது கிடைத்தால் நீதி நிறைவேறிவிடும் என்றே நான் கருதுவேன். மற்றவை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியவை. அப்பேச்சுக்கு உண்மை முன்னரே மேசைமீது இருக்க வேண்டும்.

அவ்வாறு சொல்லிவிட்டவர் இன்னொன்றும் செய்யலாம். பிழை நிகழ்ந்த நாள், காரின் மீட்டர் அன்று காட்டிய தூரம், வடிந்த அளவு, ஊற்றிய திரவத்தின் பெயர், ஊற்றிய அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அடியில் கையொப்பமிட்டு, வண்டியின் கையேட்டுக்குள் வைத்துவிடலாம். சில நாள் ஓடியபின் அளவுக் கம்பியை மறுபடி பார்த்து அதையும் அத்தாளில் குறிக்கலாம். என்றேனும் வேறொரு பணியாளர் அந்தக் காரின் அடியில் படுக்கும்போது, எந்தத் திருகு எதற்கு உரியது என்பதை அத்தாளே அவருக்குச் சொல்லும்.